கடவுளுக்கு எப்போது பெரிய எழுத்து?

கேள்வி: எங்கள் ஊர் முருகன் கோயிலின் குடமுழுக்கு மலருக்கு ஆங்கிலப் பக்கங்களை எழுதிக் கொடுத்தேன். ‘காட்’ என்ற சொல்லைச் சில இடங்களில் சிறிய ‘ஜி’ போட்டு எழுதியிருந்ததைப் பார்த்த பெரியவர் ஒருவர், சாமியின் மரியாதையைக் குறைத்துவிட்டாயே என்று வருந்தினார். உடனே எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றிவிட்டேன். ‘டெம்பிள்’, ‘பிரீஸ்ட்’, ‘பூஜா’ கூடத் தப்பவில்லை. இதில் எது சரி?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பெரியவரின் வருத்தம் இயல்பானது. தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பிரிவு இல்லை. மரியாதையை நாம் சொல்லின் ஈற்றில் வைக்கிறோம். ‘வந்தார்’ என்றும், சாமியானால் ‘எழுந்தருளினார்’ என்றும் சொல்லிப் பழகிய நமக்கு, அத்தகைய விகுதி இல்லாத ஆங்கிலத்தில் எழுதும்போது, அந்தப் பணிவை முதல் எழுத்தின் மீதாவது ஏற்றிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தின் முதன்மையான வேலை, ஒரு சொல் தனிப்பெயர் என்று காட்டுவதே. ‘சாட்டன்’ என்று சாத்தானை எழுதும்போது ‘எஸ்’ பெரியது. ‘ஏஞ்சல்’ என்று தேவதூதரை எழுதும்போது ‘ஏ’ சிறியது. முன்னது பெயர், பின்னது வகை. மரியாதைதான் அளவுகோல் என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்கும்?

‘காட்’ என்ற சொல்லுக்கும் இதே கணக்குத்தான். ஒரே இறைவனைப் பெயர்போலச் சுட்டி, ‘கடவுள் காப்பாற்றுவார்’ என்ற பொருளில் எழுதினால், எழுதுபவர் எந்தச் சமயத்தவராயினும் ‘ஜி’ பெரியதாக வரும். ‘தி காட் முருகன்’ என்னும்போது அது தெய்வம் என்ற பொதுப்பெயராகிவிடுவதால் சிறிய எழுத்து. கிரேக்கர்களின் சீயஸுக்கும் அப்படியே எழுதுகிறார்கள். ‘லார்டு முருகன்’ என்று பட்டமாகப் பெயரோடு ஒட்டினாலோ ‘எல்’ பெரியது. கிறிஸ்தவர்களின் கடவுளுக்குப் பெரிய எழுத்தும் நம் தெய்வங்களுக்குச் சிறிய எழுத்தும் என்று சமயம் பார்த்துப் பிரிப்பதாக விதி இல்லை. அப்படி யாரேனும் பிரித்து எழுதினால் அது பிழை. அதைத் தயங்காமல் சுட்டிக்காட்ட வேண்டும்.

கோயிலின் முழுப்பெயரோடு வரும் ‘டெம்பிள்’ பெரிய எழுத்திலும், அடுத்த வரியில் வெறுமனே ‘அந்தக் கோயில்’ என்ற பொருளில் வருவது சிறிய எழுத்திலும் இருக்க வேண்டும். அர்ச்சகர், பூஜை, அபிஷேகம் ஆகியவை பொதுப்பெயர்கள். தைப்பூசம், ரம்ஜான், ஈஸ்டர் ஆகிய திருநாள்களும், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற சமயப் பெயர்களும் எங்கு வந்தாலும் பெரிய எழுத்தில்தான். நூல்களின் பெயர்களான ‘பைபிள்’, ‘குர்ஆன்’, ‘வேதா’ ஆகியவையும் அவ்வாறே. அவற்றிலிருந்து பிறக்கும் பெயரடைகளில்தான் சிக்கல்: ‘பிப்ளிக்கல்’ பெரும்பாலும் சிறிய ‘பி’யோடும், ‘வேதிக்’ பெரிய ‘வி’யோடும் எழுதப்படுகின்றன. இதை மனப்பாடம் செய்துகொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பணிவுக்கு ஆங்கிலத்தில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. கடவுளைக் குறிக்கும் ‘ஹீ’, ‘ஹிம்’ ஆகிய பிரதிப்பெயர்களைப் பெரிய எழுத்தில் தொடங்குவது பணிவின் அடையாளமே. ஆயினும் இது கட்டாயமன்று. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இந்த வழக்கம் இல்லை. 1982இல் முழுமையாக வெளிவந்த புதிய கிங் ஜேம்ஸ் பதிப்பில் இருக்கிறது. அமெரிக்கப் பதிப்பகங்கள் பின்பற்றும் சிகாகோ கையேடும், செய்தித்தாள்கள் பின்பற்றும் அசோசியேட்டட் பிரஸ் கையேடும் சிறிய எழுத்தையே சொல்கின்றன. பழைய ஏற்பாட்டின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் ‘லார்டு’ என்ற சொல்லின் எல்லா எழுத்துகளும் பெரிய வடிவில் அச்சாகியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். எபிரேயத்தில் நான்கு எழுத்தாலான இறைவனின் திருப்பெயர் மூலத்தில் அங்கே நிற்கிறது என்பதற்கான குறி அது. அந்த எபிரேய எழுத்திலும் நம் எழுத்தைப் போலவே பெரியது, சிறியது என்ற பிரிவு கிடையாது.

துதிப்பாடலின் மொழிபெயர்ப்புக்குப் பிரதிப்பெயரில் பெரிய எழுத்து பொருந்தும், தல வரலாற்றுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. எதைத் தேர்ந்தாலும் அந்தப் பகுதி முழுவதும் ஒரே முறையாக இருக்கட்டும். உங்கள் மலரில் அர்ச்சகரையும் பூஜையையும் சிறிய எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். ‘தி காட் முருகன்’ என்று வரும் இடங்களை ‘லார்டு முருகன்’ என்று மாற்றிவிட்டால், விதியும் மீறப்படாது, பெரியவர் மனமும் நோகாது.