விஜய் சிங்கும் 200 பந்துகளும்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 14 வயது. கோல்ஃப் பழகுகிறான். ரேஞ்சுக்கு, அதாவது பந்தடித்துப் பழகும் இடத்துக்குப் போனால் 200 பந்து அடிக்காமல் திரும்ப மாட்டான். கேட்டால், ஃபிஜி நாட்டு வீரர் விஜய் சிங் இப்படித்தான் வளர்ந்தார் என்கிறான். ஆனால் மைதானத்தில் இறங்கினால் பந்து வலப்பக்கமே போகிறது. விஜய் சிங் டைகர் வுட்ஸுக்கு அடுத்தபடிதானே? 1985 விவகாரத்தையும் சிலர் கிளறுகிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஒரு தந்தை, பினாங்கு

அன்புள்ள நண்பருக்கு,

விஜய் சிங்கை வுட்ஸின் நிழலில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் அவருக்கு 34 வெற்றிகள். அவற்றில் 22, நாற்பது வயதுக்கு மேல் வந்தவை. 2004இல் மட்டும் ஒன்பது. அந்த செப்டம்பரில், 264 வாரங்களாக வுட்ஸ் வைத்திருந்த உலக முதலிடத்தைப் பிடித்தார். அதற்கு முந்தைய மாதம் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பைத்தான் நான் அவருடைய மாஸ்டர்ஸ் பட்டத்துக்கும் மேலே வைப்பேன். கடைசிச் சுற்றில் 76 அடிகள், ஒரு பேர்டிகூட (ஒரு குழியை வகுத்த அடிகளைவிட ஒன்று குறைவாக முடிப்பது) இல்லை. சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபின் முதல் குழியில்தான் அன்றைய முதல் பேர்டி விழுந்தது. கோப்பை அவருக்கே.

1985இல், இந்தோனேசிய ஓப்பனில் ஸ்கோர் கார்டைத் திருத்தினார் என்ற குற்றச்சாட்டில் ஆசியப் போட்டித் தொடரில் ஆட அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அவர் அதை மறுத்தே வந்திருக்கிறார். அதன்பின் சபாவில் கெனிங்காவிலும் சரவாக்கில் மிரியிலும் கிளப் புரோவாக (கிளப்பின் தொழில்முறைப் பயிற்சியாளர்) வேலை பார்த்தார். 2001இல் சௌஜானா கோல்ஃப் மைதானத்தில் அயர்லாந்து வீரர் ஹாரிங்டனை பிளே-ஆஃபில் வென்று மலேசிய ஓப்பனை எடுத்தார். கெனிங்காவிலிருந்து அங்கே வந்து சேர்ந்த அந்த உழைப்பை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். மகன் போட்டிக்குப் போனால், கையெழுத்துப் போடும் முன் கார்டைக் குழி குழியாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரு குழிக்கு உண்மையைவிடக் குறைத்துப் பதிவானால் தகுதி நீக்கம். கூடுதலாகப் பதிவானால் அந்த எண்ணே நிற்கும்.

இனி மகனின் பந்து. வலக்கை ஆட்டக்காரன் என்று எடுத்துக்கொள்கிறேன். ரேஞ்சில், நின்று அடிக்கும் பாயின் ஓரத்தைப் பார்த்தே பாதம் நேராகிவிடும். மைதானத்தில் பாய் இல்லை. பக்கவாட்டில் நின்றபடி கொடியைப் பார்த்து இடது தோளை அதற்கு நேராகத் திருப்புவான். உடம்பு முழுக்க வலப்புறம் பார்த்துவிடும். பந்துக்குப் பின்னால் நின்று, கொடிக்கு நேர்கோட்டில் அரை மீட்டர் முன்னே ஓர் இலையையோ புல் தழும்பையோ குறித்துக்கொள்ளட்டும். முதலில் கோல்முகம் (கோலில் பந்து படும் பகுதி) அதற்கு நேராக, பிறகுதான் பாதம். ரேஞ்சிலும் பாய்க்கு நேரே அடிக்காமல், சற்று இடமோ வலமோ தள்ளி இலக்கு வைக்கட்டும்.

200 வேண்டாம், 60 போதும். முதல் 20 வெட்ஜில் (குறுகிய தூரத்துக்கான கோல்), பாதி வீச்சு, இடது அக்குளில் கையுறையை இடுக்கிக்கொண்டு. விஜய் சிங் பெயரோடு சேர்ந்தே பேசப்படும் பயிற்சி இது. பந்து படுமுன் கையுறை விழுந்தால் கை உடம்பை விட்டு ஓடுகிறது என்று பொருள்; முடிவில் விழுந்தால் கவலையில்லை. டிரைவரில் (நெடுந்தூரத்துக்கான கோல்) முழு வீச்சுக்கு இதைச் செய்யக் கூடாது. அடுத்த 20, நடுத்தர தூரத்துக்கான 7-அயர்ன் கோலில், பாத வரிசையில் ஒரு கோலைத் தரையில் கிடத்தி. கடைசி 20இல் ஒவ்வொரு பந்துக்கும் கோலையும் இலக்கையும் மாற்றி, ஒவ்வொரு முறையும் பின்னால் போய் நின்று தொடங்க வேண்டும். பிள்ளைகள் தவிர்ப்பது இந்த 20ஐத்தான். மைதானத்தில் கைகொடுப்பதும் இதுதான்.

விஜய் சிங்கின் வலது கை பந்து பட்டதும் பிடியிலிருந்து விலகுவதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். பிள்ளைகள் பந்து படுமுன்பே விட்டுவிடுகிறார்கள், கோல்முகம் திறந்து வலப்புறம் பார்த்துவிடும்.

இன்னொன்று: பந்துக்குப் பின்னால் தரையில் அடித்தாலும் பாய் கோலை வழுக்கவிட்டுக் குற்றத்தை மறைத்துவிடும். மாலை மழைக்குப் பிறகு ஊறிக் கிடக்கும் கவ் கிராஸ் புல்தரையில் அதே வீச்சு மண்ணில் புதையும். பந்துக்கு 15 செ.மீ. பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்து அடிக்கச் சொல்லுங்கள். கோல் துண்டைத் தொட்டால், எடை இன்னும் வலது காலிலேயே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.