திருப்பும்போது ‘டக் டக்’: இரண்டு ஆக்சிலையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னுடையது 2014 மாடல் சின்ன கார். 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து கேட்டிலிருந்து வெளியே எடுக்கும்போது முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. நேராகப் போனால் இல்லை. இரண்டு பக்க ஆக்சிலையும் செட்டாக மாற்றணும், 16,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், சக்கரத்தை ஒட்டி ஆக்சில் நுனியில் இருக்கும் சி.வி. ஜாயின்ட் (வளைந்தபடியே ஒரே வேகத்தில் சுற்றும் இணைப்பு) தேய்ந்துவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நாளில் தேய்ந்தது என்றால் எனக்கு நம்பிக்கையில்லை.

அம்பாசடர், பத்மினி காலத்தில் பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளியது. 1983-ல் மாருதி 800 வந்தபிறகுதான் முன்சக்கரம் இழுக்கும் கார் நம்மூரில் பெருகியது. அந்தச் சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். சிலுவை வடிவத் துண்டு வைத்த பழைய கிராஸ் ஜாயின்ட்டை வளைத்துச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஸ்டியரிங் கையில் உதறும். சி.வி. ஜாயின்ட்டுக்குள் பொதுவாக ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருளும். எவ்வளவு வளைத்தாலும் ஒரு கூடு அவற்றை அந்த வளைவின் சரிபாதியில் நிறுத்தி வைக்கும். அதனால் வேகம் மாறாது.

குண்டு தானாகக் கெடுவது அபூர்வம். கெடுப்பது ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட். அது கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மணலும் மழைத்தண்ணீரும் உள்ளே போகும். குண்டு உருளும் பள்ளத்தில் குழி விழும். முழுவதும் ஒடிக்கும்போது குண்டு அந்தக் குழியில் ஏறி இறங்குவதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

எந்தப் பக்கம் என்று காதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒடித்து வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் பூட் கிழிந்து, ரிம்மின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் அப்பியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான். சக்கரத்துப் பக்கம் இருக்கும் வெளி ஜாயின்ட் மட்டும் கிட்டாகக் கடையில் கிடைக்கும். முழு ஆக்சில் தேவையில்லை.

ஒரு விஷயம் மட்டும் விதிவிலக்கு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பூட் கிழிந்திருக்கிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டாம். கழற்றிக் கழுவி, பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்து, வழவழப்பாக இருந்தால் புது பூட், புது கிளாம்ப், மாலிப்டினம் கலந்த கிரீஸ் போதும். வெட்டிவைத்து ஒட்டுகிற பூட் வேண்டாம். சேசிஸுக்கு அடிக்கிற சாதா கிரீஸும் வேண்டாம். கிழிந்து ஒரு வாரம் என்றால் இப்படித் தப்பலாம். ஒரு மழைக்காலம் ஓட்டியாயிற்று என்றால் கழற்றிப் பார்க்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது. உங்கள் வண்டி சத்தம் போட ஆரம்பித்துவிட்டது, அதனால் உங்களுக்கு இந்த வழி இல்லை. குழி விழுந்த பள்ளத்தை எந்த கிரீஸும் நிரப்பாது.

சர்வீஸ் சென்டரில் கேட்டால் “பூட் தனியா வராது சார், அசெம்பிளிதான்” என்பார்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் ‘பூட் பார்த்தாச்சு’ என்று டிக் போட்டவர்களும் அவர்களேதான்! ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் உங்கள் செலவு சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும்.

அப்புறம் இந்த ‘செட்டாக’ என்கிற பேச்சு. ஸ்பேர்ஸ் கடையில் மெக்கானிக்குக்குக் கமிஷன் உண்டு. பில் பெரிதானால் கமிஷனும் பெரிது. எல்லோரும் அப்படியில்லை, ஆனால் பில்லை உங்கள் பெயரில் நீங்களே நேரில் வாங்குங்கள். ரீகண்டிஷன் ஆக்சில் என்று மலிவாகக் கொடுத்தால், பள்ளத்தைச் சாணை பிடித்துப் பெரிய குண்டு போட்டதாக இருக்கலாம். பழைய கார் புரோக்கர்கள் இன்னொன்று செய்வார்கள்: இடது ஜாயின்ட்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிவிடுவார்கள். பள்ளத்தின் தேயாத பக்கத்தில் சுமை விழுவதால் சத்தம் நின்றுபோகும், வண்டி கைமாறும்வரை. வாங்குகிறவர் பாவம்.

தள்ளிப் போடாதீர்கள். ஒரு பக்கம் உடைந்தாலே கியர் விழுந்தும் கார் நகராது, சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அதை உடைந்த பக்கமே விட்டுவிடும். மாற்றும்போது ஆக்சில் நட் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஆக்சிலை உருவும்போது கியர் ஆயில் ஒழுகும், குறைந்ததை ஊற்றச் சொல்லுங்கள். கழற்றிய ஜாயின்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுபக்கம் பூட் முழுசாக இருந்தால் அதில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.