மகஜரில் இல்லாத மூன்று இரவுகள்

அன்புள்ள ஐயா,

நான் கொளத்தூரில் வசிக்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்காளர். என் தம்பி வீடுகளுக்கு உணவு கொண்டுசேர்க்கும் வேலை பார்க்கிறான். சென்ற மாதம் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு வாகனத் தணிக்கையில் அவனை நிறுத்தியிருக்கிறார்கள். உரிமம், காப்பீடு எல்லாம் சரியாக இருந்தன. ஏன் இவ்வளவு நேரம் நிற்க வைக்கிறீர்கள் என்று கேட்டதற்குக் கன்னத்தில் அறைந்து, வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். விடியும்வரை உட்கார வைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. இப்போது அவனுக்கு வலது காது சரியாகக் கேட்பதில்லை.

எங்கே புகார் கொடுப்பது? ஆணையர் அலுவலகத்திலா, மனித உரிமைகள் ஆணையத்திலா? கொடுத்தால் மேலும் தொல்லை வருமா? காவலர்களுக்கும் பணிச்சுமை இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. ரவுடிகளையும் திருடர்களையும் அடித்தால் நான் கேள்வி கேட்க மாட்டேன், அவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுவதுதான் சரி. ஆனால் நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை, ஐயா.

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் காதிலிருந்து தொடங்குகிறேன். நாளைக் காலையிலேயே அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்கும்போது தயங்காமல் உண்மையைச் சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வண்டியிலிருந்து விழுந்தார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காவல் ஆணையருக்கு விரைவுத் தபாலில், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி புகார் அனுப்புங்கள். கிரீன்வேஸ் சாலையில் உள்ள மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கும் அனுப்புங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. ஆனால் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். அந்த ஆணையத்தின் பரிந்துரை வெறும் ஆலோசனை அல்ல, அரசைக் கட்டுப்படுத்தக்கூடியது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது.

காவல் துறைக்கு எதிரான புகார்களை விசாரிக்கவென்றே தனி அமைப்பு ஒன்று இருக்கிறதாமே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் அப்படி ஒன்றை அமைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. தமிழ்நாடு 2013இல் சட்டம் இயற்றி, அதன் தலைவராக உள்துறைச் செயலாளரையும், உறுப்பினர்களாகக் காவல் துறையின் உயர் அதிகாரிகளையுமே அமர்த்தியது. குற்றம் சாட்டப்பட்ட துறையே தன் வழக்கை விசாரிக்கும் அந்த ஏற்பாட்டைப் பற்றி இங்கே மேலும் பேசுவதில் பயனில்லை. காவலர்களின் பணிச்சுமை உண்மை. ஆனால் அதற்கும் உங்கள் தம்பியின் கன்னத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உங்கள் கேள்விக்கான பதில் இவ்வளவுதான். உங்கள் கடிதத்தின் கடைசி வரியை என்னால் தாண்டிப்போக முடியவில்லை. அதே வரியை இதே சொற்களில் என் அப்பா சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

1987இல் நாங்கள் திருவல்லிக்கேணியில் ஆறு குடித்தனங்கள் கொண்ட ஒரு வீட்டில் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. அப்பா பள்ளி ஆசிரியர். மாடிப்படிக்குக் கீழே இருந்த சிறிய அறையில், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பார்த்த ஓர் இளைஞர் தன் தாயாருடன் குடியிருந்தார். கடையில் மிஞ்சும் தாள்துண்டுகளை அளவாக வெட்டித் தைத்து எனக்குச் சின்னச் சின்ன நோட்டுகள் செய்து கொடுப்பார். ஒரு நாள் வீட்டுக்காரரின் மனைவி தன் இரட்டைவடச் சங்கிலியைக் காணவில்லை என்றார். வெள்ளிக்கிழமை இரவு மப்டியில் இரண்டு பேர் வந்தார்கள். ‘சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்’ என்று சொல்லி அவரை அழைத்துப் போனார்கள்.

சனிக்கிழமை காலை அவருடைய தாயார் ஒரு தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்பினார். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். வாசலில் பாரா நின்ற காவலர், அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்றார். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் படிக்கட்டின் ஓரத்தைக் காட்டினார். அங்கே அவருடைய மகனின் செருப்பு கிடந்தது. வார் அறுந்து, பைண்டிங் நூலால் தைக்கப்பட்ட செருப்பு. அதன் பிறகும், அந்த ஆள் இங்கே இல்லை என்றுதான் சொன்னார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எதிரே இருந்த தேநீர்க் கடையின் ஓரத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை ஒரு காவலர் எங்கள் வீட்டுக்கு வந்து, மரியாதைப்பட்டவர் ஒருவர் சாட்சிக்கு வேண்டும், வாத்தியார் வந்தால் நன்றாக இருக்கும் என்றார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனார். ஸ்டேஷன் ரைட்டர் எழுதி வைத்திருந்த மகஜரில், அதாவது சாட்சிகள் முன்னிலையில் நடந்ததாகக் காவல் துறை எழுதும் பதிவில், கையெழுத்திட்டுவிட்டு வந்தார். அன்று அதிகாலை ஐந்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் சந்தேகத்திற்கிடமாக நின்றிருந்தவரைப் பிடித்து விசாரித்ததில், அவர் தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டு, மறைத்து வைத்திருந்த சங்கிலியை எடுத்துக் கொடுத்தார் என்று அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு அவரைக் கூட்டிப்போனதை மாடியில் நின்று பார்த்தவர் என் அப்பா. அம்மா அதைக் கேட்டபோது அப்பா சொன்னது இதுதான்: ‘போலீஸ், கேஸ் என்று அலைய நாம என்ன அப்படிப்பட்ட குடும்பமா?’

சில வாரங்கள் கழித்து ஜாமீனில் வந்தபோது, பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் ஊன்றி அவர் நடந்தார். உள்ளங்காலில் அடித்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. கூண்டில் நின்ற அப்பாவிடம், இவரை என்றைக்குப் பிடித்துச் சென்றார்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டிருக்கிறார். ‘மகஜரில் உள்ளபடி’ என்று அப்பா பதில் சொல்லியிருக்கிறார். இதை அவர் என்னிடம் சொன்னது தம் கடைசி ஆண்டுகளில், யாரும் கேட்காமலே.

அந்த இளைஞர் சங்கிலியைத் திருடினாரா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. திருடியிருக்கலாம். அந்தக் கேள்வியை முதலில் கேட்கத் தோன்றுகிறதே, அந்த இடத்தில்தான் நீங்களும் என் அப்பாவும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள். திருடியிருந்தால் அந்த மூன்று இரவுகள் சரியாகிவிடுமா? அவர் திருடினாரா என்று கண்டறியும் பொறுப்பு யாருடையது? அடித்தவர்களுடையதா, எழும்பூரில் உட்கார்ந்திருந்த நடுவருடையதா?

இதே சென்னையில் 1855இல் ஓர் ஆணையம், மதராஸ் மாகாணத்தில் அரசு ஊழியர்கள் செய்த சித்திரவதைகளை விசாரித்து அறிக்கை கொடுத்தது. வரி வசூலும் காவல் வேலையும் ஒரே கையில் இருந்த காலம் அது. இரண்டு கழிகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் கால்விரலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் குனிய வைக்கும் அண்ணாந்தாள் என்ற பெயர்கள் அந்த ஆங்கில அறிக்கையில் நம் மொழிச் சொற்களாகவே இடம்பெற்றிருக்கின்றன. 1859இல் மதராஸ் காவல் சட்டம் வந்து காவல் துறை தனித் துறையானது. 1872இன் சாட்சியச் சட்டம், காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது. ஆனால் அந்த வாக்குமூலத்தின் வழியாக ஒரு பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு அது செல்லும் என்று அதே சட்டம் ஒரு வழியைத் திறந்தும் வைத்தது. புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த வழி திறந்தே இருக்கிறது. அதனால்தான் ஒரு நகை கிடைக்கும்வரை ஒரு மனிதனை அடிக்க வேண்டியிருக்கிறது. 2025 ஜூனில் மடப்புரம் கோயிலின் காவலாளி விசாரணையில் உயிரிழந்ததும் ஒரு நகைக்காகத்தான்.

இப்படி அடிப்பதற்குக் கணக்கில் வராத நேரம் தேவைப்படுகிறது. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. எனவே கைது என்று எழுதுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். ‘விசாரணைக்கு அழைத்து வந்தோம்’ என்ற சொல்லுக்குள் மூன்று இரவுகளை ஒளித்து வைக்க முடிகிறது. இதை அறிந்துதான் டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், கைது செய்யும் அதிகாரி பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பை அந்த இடத்திலேயே தேதியும் நேரமும் இட்டு எழுத வேண்டும், அதில் குடும்பத்தினரோ அந்தப் பகுதியின் மரியாதைக்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அந்தச் சாட்சிக் கையெழுத்து இருக்கிறது. சட்டம் ஒரு மனிதனின் உடலைக் காக்கும் பொறுப்பை அந்த மரியாதைக்குரியவரின் பேனாவில் வைத்திருக்கிறது. என் அப்பாவைப் போன்றவர்களிடம். உங்களைப் போன்றவர்களிடம், ச.

அதனால்தான் மாவுக்கட்டு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கையிலும் காலிலும் கட்டுடன் நிற்கும் ஒருவரின் படத்தைப் போட்டு, கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்று செய்தி வருகிறது. நகரத்தின் எல்லாக் காவல் நிலையங்களின் கழிவறையும் ஏன் ஒரே மாதிரி வழுக்குகிறது என்று கேட்காமல், நாம் அதைப் பகிர்ந்து சிரிக்கிறோம். நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள். அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொருவரும், நடந்ததை அறிந்துகொண்டே மகஜரில் கையெழுத்திட்டவர்கள்தான். எவரை அடிக்கலாம் என்ற பட்டியலைக் காவல் துறையிடம் கொடுத்துவிட்டு, அதில் என் தம்பியின் பெயர் இருக்காது என்று நம்புவது அறிவுடைமை அல்ல. வாச்சாத்தி மக்களைச் சந்தனக் கடத்தல்காரர்கள் என்றார்கள். 1992 ஜூன் 20 அன்று அந்த ஊருக்குள் நுழைந்து மக்களைத் தாக்கி, பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கிய நிகழ்வில், வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையினரில் 215 பேர் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2011 ஆனது. அதை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது 2023இல். அந்தப் பெண்கள் திருட்டுக் குடும்பம் என்று ஊரே நம்பத் தயாராக இருந்தது. காவலில் அடிபட்டு இறந்த சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் 2020இல் பொதுமுடக்க நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லப்பட்டவர்கள். அவர்கள் எந்தப் பட்டியலில் வருவார்கள்? சென்னையிலேயே 2022 ஏப்ரலில், மெரினாவில் குதிரை ஓட்டிப் பிழைத்த 25 வயது இளைஞர் தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு இறந்தார். முதலில் வலிப்பு என்றார்கள். பிறகு அது கொலை வழக்காக மாற்றப்பட்டது. அவரை நிறுத்தியதும் ஓர் இரவு நேர வாகனத் தணிக்கைதான்.

நான் உங்களைக் கடிந்துகொள்வது, உங்கள் தம்பிக்கு நேர்ந்ததைச் சிறிதாக நினைப்பதால் அல்ல. அந்த இரவு முழுவதும் அவர் தொலைபேசியை எடுக்காததால் வீட்டில் நீங்கள் எப்படி இருந்திருப்பீர்கள் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. செருப்பைக் காட்டிய அந்த அம்மாவின் விரல் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆகவே புகார் எழுதும்போது, நாங்கள் நல்ல குடும்பம், என் தம்பி மேல் எந்த வழக்கும் இல்லை என்று தொடங்காதீர்கள். நேரத்திலிருந்து தொடங்குங்கள். எத்தனை மணிக்கு எந்தத் தெருமுனையில் நிறுத்தினார்கள், நிலையத்துக்குள் நுழைந்தது எப்போது, வெளியே வந்தது எப்போது. உணவு கொண்டுசேர்க்கும் செயலியில் அவர் கடைசியாகக் கொடுத்த பொட்டலத்தின் நேரமும், தொடர்ந்து கொடுக்க முடியாமல் போன பொட்டலத்தின் நேரமும் பதிவாகியிருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை ஒரு மகஜரால் அதை மாற்றி எழுத முடியாது.

கேமராப் பதிவை இன்றே கேளுங்கள். காவல் நிலையத்தின் வாசல், வரவேற்பறை, தாழ்வாரம், லாக்கப் எல்லாவற்றிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதி இல்லாத இடத்தில்கூட ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2 அன்று ஆணையிட்டிருக்கிறது. சாத்தான்குளத்தில் அன்றன்றைய பதிவு தானாகவே அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்ததை விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். அங்கே நடந்ததை வெளியே கொண்டுவந்தது, அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் அஞ்சாமல் கொடுத்த சாட்சியம். உங்கள் தம்பி இருந்த நிலையத்திலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். ஆனால் அவரை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இந்தத் தேதியின் இந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று ஆணையருக்குத் தனிக் கடிதம் அனுப்புங்கள். அது கிடைக்கவில்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலும் ஆணையத்தின் முன் ஓர் ஆவணம்.

தொல்லை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம். வராது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் அலுவலகத்தில் ஒருவர், தெருவில் ஒருவர் என்று இரண்டு பேரிடமாவது புகாரின் நகலைக் கொடுத்து வையுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு என் அப்பா எதில் கையெழுத்திட்டாலும், தபால்காரர் நீட்டும் பதிவுத் தபால் ரசீதாக இருந்தாலும், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பக்கத்தில் மணியைக் குறிப்பார். இதெல்லாம் வேண்டாம் சார் என்று தபால்காரர் சொன்னால்கூட நிறுத்த மாட்டார். அந்த இளைஞரிடம் அவர் மன்னிப்புக் கேட்டதில்லை. விடுதலையானாரா, தண்டிக்கப்பட்டாரா என்பதை அப்பா கடைசிவரை என்னிடம் சொல்லவும் இல்லை. தாயும் மகனும் வழக்கு முடியும் முன்பே வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒன்றை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். உங்கள் தம்பி கையெழுத்திட்ட வெள்ளைத்தாள் ஒன்றா, பலவா? தாளின் மேலே இட்டாரா, கீழே இட்டாரா? அவரைக் கேட்டு, அதையும் புகாரில் சேருங்கள்.