மூச்சு இழுக்கும்போது வயிறு ஏன் வெளிய வருது, காத்து வயித்துக்குள்ளயா போகுது?

இல்லைங்க, காத்து போறது நுரையீரலுக்கு மட்டும்தான். இலங்கையில ஹட்டன் பக்கம் ஏ.எல். (உயர்தர) பயோ கிளாஸ் எடுக்கிறேன், இந்தக் கேள்வி வராத பேட்ச்சே கிடையாது. காத்து உள்ள போய் நெஞ்ச ஊத வைக்குதுன்னு தான் முக்காவாசிப் பேர் நினைக்கிறாங்க, ஆனா நடக்கிறது தலைகீழ், முதல்ல நெஞ்சுக்கூடு விரியும், உள்ள அழுத்தம் குறையும், அப்புறம்தான் காத்து தானா உள்ள வரும்.

விரிக்கிற வேலைல பெரும்பங்கு டயாஃப்ரத்துக்கு, நம்ம ஸ்கூல் புக்ல பிரிமென்றகடுன்னு இருக்கே அதுதான், நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசை. சும்மா இருக்கையில மேல் பக்கம் வளைஞ்சு நிக்கும், சுருங்கினா தட்டையாகிக் கீழ இறங்கும், சாதாரண மூச்சுக்கு 1, 2 சென்டிமீட்டர், நல்லா ஆழமா இழுத்தா 10 வரைக்கும் கூட போகும். அதுக்குக் கீழ ஈரல், இரைப்பை, குடல் எல்லாம் இருக்கு, அதுங்களுக்கு ஒதுங்க வேற இடம் இல்ல, முன்பக்கம் மட்டும்தான் எலும்பு இல்லாம மெதுவா இருக்கு, அதனால வயிறு முன்னுக்கு வருது.

விலா எலும்பு 12 சோடி. மேல உள்ளது நெஞ்ச முன்னுக்குத் தூக்கும், கீழ உள்ளது வாளியோட கைப்பிடிய தூக்கின மாதிரி பக்கவாட்டில எழும்பி விரியும். இத நீங்களே பாக்கலாம், ரெண்டு கையையும் கீழ் விலா மேல வச்சு நடுவிரல் ரெண்டும் முன்னால முட்டுற மாதிரி பிடிச்சுக்கிட்டு மெதுவா இழுங்க, விரல் ரெண்டும் தானா விலகும்.

தேயிலைக் கொழுந்து பறிக்கிற நம்ம அம்மாமார் இடுப்புல சுத்துற படங்க இறுக்கிக் கட்டிக்கிட்டு மலை ஏறுறாங்களே, வயிறு முன்னுக்கு வர வழியில்லாதப்ப விலாதான் கூட விரிய வேண்டியிருக்கு, அதோட கொழுந்துப் பாரமும் சேர்ந்தா கழுத்துத் தசையெல்லாம் புடைச்சுக்கிட்டு மேல் விலாவ தூக்கும், பாத்தாலே தெரியும்.

மூச்சு விடுறதுக்கு சும்மா இருக்கையில எந்தத் தசையும் வேலை செய்யத் தேவையில்ல, எல்லாம் தளர்ந்து நுரையீரல் தானா சுருங்கிக்கும், இருமும்போது, பலமா ஊதும்போதெல்லாம் வயித்துத் தசை பலமா அமுக்கும்.

ஒன்னு மட்டும் கட்டாயம் சொல்லணும். குளிர் காலத்துல சின்னப் பிள்ளைக்கு சளி, இருமல்னு இருந்தா சட்டைய தூக்கிப் பாருங்க. இழுக்கும்போது கீழ் விலாப்பக்கம் விரியாம உள்ள குழி விழுந்தா அது நிமோனியாவா இருக்கலாம், கசாயம் வச்சுக் குடுத்துட்டு காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரி ஆனாலும் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க.