எங்கே கட்டக்கூடாது என்று முதலில் கேளுங்கள்

(நீலகிரி வாசகர்களின் கேள்விகளுக்கு, இந்த மாவட்டத்தில் பேரூராட்சி செயல் அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் இருபது வருஷத் தொலைநோக்குத் திட்டம் என்று கூட்டம் போட்டார்கள், சார். திரையில் ரோப் கார், கண்ணாடிப் பாலம், அடுக்குமாடி பார்க்கிங் எல்லாம் வந்தது. நம்பலாமா?
– இல்லத்தரசி, குன்னூர் பக்கம்

டீயும் வர்க்கியும் கொடுத்தார்களா, அம்மா? அதை நம்பலாம்.

நான் வேலையில் இருந்தபோது இப்படிப்பட்ட படக்காட்சிகளுக்கு நாற்காலி போட வைத்தவன். கன்சல்டன்ட் காட்டும் மலையில் எப்போதும் வெயில் அடிக்கும். மழையில் எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. நமக்கோ மழைதான் பரீட்சை. 2009 நவம்பரில் கேத்தி, அச்சனக்கல் பக்கமெல்லாம் மண் சரிந்து, மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. இத்தனைக்கும் பிறகு எழுதுகிற திட்டத்தில் முதல் வரைபடம், எங்கே கட்டக்கூடாது என்பதாக இருக்க வேண்டாமா? ஓடை எது, சதுப்பு எது, ஏற்கெனவே சரிந்த இடம் எது என்று சர்வே எண்ணோடு காட்டட்டும். ரோப் காரை அப்புறம் பேசலாம்.

அதுவரை நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது. பேரூராட்சி கட்டிய தடுப்புச் சுவர் ஏதாவது ஒன்றின் முன்னால் போய் நில்லுங்கள். மலை வேலை தெரிந்த மேஸ்திரி, சுவர் எழும்பும்போதே வரிசையாகக் குழாய்த் துண்டுகளை, வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி வைத்துக் கட்டுவார். சுவருக்குப் பின்னால் மண்ணை அப்படியே தள்ளாமல் சல்லி கொட்டுவார். மழை நாளில் அந்தக் குழாய்களில் தண்ணீர் வடிந்தால் சுவர் பிழைத்தது. குழாயே இல்லாமல் வழவழவென்று பூசி, அதன்மேல் வரையாடு படம் வரைந்து வைத்திருந்தால், ஊறிய தண்ணீரின் பாரம் மொத்தமும் சுவர்மேல். முதலில் நடுவில் வயிறு தள்ளும். ஓர் ஐப்பசியில் சாலைக்கு வந்துவிடும். சுவருக்குக் குழாய் வைக்கத் தெரியாத அலுவலகம் இருபது வருஷத்துக்கு என்ன யோசித்திருக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கேள்வி: ஒண்ணரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். பச்சை இலைக்கு வருகிற காசு பறிகூலிக்கும் உரத்துக்குமே சரியாகிறது. ரிசார்ட்காரர் நல்ல விலை பேசுகிறார். மாஸ்டர் பிளானில் 'விவசாயம்' என்று போட்டுவிட்டால் விற்கவே முடியாதாமே, அண்ணா?
– சிறு விவசாயி, கோத்தகிரி

விற்பதை எந்தத் திட்டமும் தடுக்காது, தம்பி. வாங்குகிறவர் அதில் ரிசார்ட் எழுப்புவதைத்தான் தடுக்கும். கட்ட முடியாத நிலத்துக்கு அவர் அந்த விலை தரமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் உங்கள் கோபத்தைத் தப்பு என்று சொல்லமாட்டேன்.

ஆனால் இது புதிதாக வந்த தடை இல்லை. ஹாகா என்று நாம் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-லேயே வந்துவிட்டது. அதன் பட்டியலில் உள்ள கிராமத்தில் மனை பிரிக்கவோ பெரிதாகக் கட்டவோ போனால் வேளாண் பொறியியல், கனிமவளம், வனம் என்று எல்லாத் துறையும் பார்த்தாக வேண்டும். கட்டடத்தின் உயரத்துக்கும் வரம்பு உண்டு. பொக்லைன் இறக்க அனுமதி வேண்டும். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ரிசார்ட்காரர் சொன்னால், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசியுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. மலையைக் காப்பாற்றுகிற செலவு ஏன் ஒண்ணரை ஏக்கர்காரர் தலையில் மட்டும் விழ வேண்டும்? 2023-ல் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு நம் ஆட்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். இலை விலை பேரூராட்சி கையில் இல்லை, வாஸ்தவம். தோட்டத்திலிருந்து இலை மூட்டை இறக்குகிற பாதை அதன் கையில்தான் இருக்கிறது. இருக்கிற வீட்டில் இரண்டு அறையை விருந்தாளிக்கு விட அலைக்கழிக்காமல் உரிமம் தருவதும் அப்படித்தான். திட்ட ஆவணத்தை வாங்கிப் பாருங்கள். தேயிலை அட்டைப் படத்தில் மட்டும் இருக்கிறதா, வருமானம் என்ற தலைப்பிலும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: இ-பாஸ் வந்தும் சேரிங் கிராஸில் பஸ் நகரமாட்டேன் என்கிறதே, ஏன்?
– கல்லூரி மாணவி, ஊட்டி

வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர ஆன்லைனில் எடுக்கும் இ-பாஸ், 2024 மே 7-ல் தொடங்கியபோது வண்டிகளை எண்ணத்தான் செய்தது, நிறுத்தவில்லை, பாப்பா. அடுத்த கோடையில்தான் உயர் நீதிமன்றம் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உச்சவரம்பு வைத்தது. மலை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. வீட்டுக்கு எத்தனை விருந்தாளி தாங்கும் என்பது வீட்டுக்காரருக்கல்லவா முதலில் தெரிய வேண்டும்? இந்தக் கணக்கை நம் உள்ளாட்சி மன்றங்கள் போட்டிருக்க வேண்டும்.

எந்தத் திட்ட அறிக்கையிலும் மக்கள்தொகைப் பக்கத்தைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகராட்சிக்கு 88,000 சொச்சம். அதை வைத்துத்தான் தண்ணீர், சாக்கடை, குப்பை என்று கணக்கு ஓடும். மே மாதத்தில் வந்து இரண்டு வேளை வெந்நீரில் குளிக்கிறவர் அந்தக் கணக்கில் எங்கும் இருக்கமாட்டார்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சல்லிவன் 1820-களில் வெட்டிய ஏரி இன்றைக்கு நீ பார்ப்பதைவிடப் பெரியது. பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் அந்த ஏரியிலிருந்து எடுத்த இடம்தான். பந்தய மைதானத்தை 2024-ல் அரசு கையகப்படுத்தியபோது, பார்க்கிங் வேண்டும் என்று ஒரு கூட்டம், பூங்கா வேண்டும் என்று ஒரு கூட்டம். என்னைக் கேட்டால், கொஞ்சமாவது தண்ணீர் நிற்க விடலாம்.

கேள்வி: 2047-ல் ஊட்டி சிங்கப்பூர் ஆகிவிடுமா?
– ஆட்டோ ஓட்டுநர், லவ்டேல்

சுவிட்சர்லாந்து ஆக்குகிறோம் என்றார்களே, அது முடிந்துவிட்டதா?

கேள்வி: மாவட்டத்துக்கு என்று எதைப் போட்டாலும் ஊட்டிக்குத்தான் போகிறது. கூடலூர், பந்தலூரை யார் பார்ப்பது?
– வியாபாரி, பந்தலூர்

சட்டப்படி பார்க்க ஓர் அமைப்பு இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 243இசட்டி பிரிவில் சொல்லியிருக்கும் மாவட்டத் திட்டக்குழு. ஊராட்சித் திட்டங்களையும் நகராட்சித் திட்டங்களையும் சேர்த்து மாவட்டத்துக்கு ஒரே வரைவு போடுவது அதன் வேலை. ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் அதற்குத் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர். இதைச் சொன்னால் கவுன்சிலர்களே ஆச்சரியப்படுவார்கள். 2025 ஜனவரி 5-ல் நம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். உங்கள் ஊருக்காகப் பேச வேண்டிய நாற்காலியில் ஆள் இல்லாவிட்டால் ஊட்டிக்குத்தான் போகும்.

கூடலூருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில், யாருக்கு என்று முடிவாகாமல் கிடக்கும் நிலத்தில் இருப்பவர்களுக்குப் பட்டா இல்லை, கரண்டுக்கும் தகராறு. அதைத் தீர்க்காமல் தொலைநோக்கு என்று பேசினால், யாருக்காகப் பேசுகிறீர்கள் என்று அங்கேயே எழுந்து கேளுங்கள்.

கேள்வி: கருத்துச் சொல்லச் சொல்கிறார்கள். எப்படி எழுதினால் படிப்பார்கள், ஐயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், எடப்பள்ளி

முதலில் அது எந்தத் தாள் என்று பாருங்கள். தொலைநோக்கு ஆவணம் என்றால் அது வெறும் விருப்பம். நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் வருகிற மாஸ்டர் பிளான் வரைவு என்றால் அதற்குச் சட்ட பலம் உண்டு. அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 2 மாதம் தர வேண்டும். அறிவிப்பு அரசிதழிலும் நாளிதழிலும் வரும். நம் ஊரில் அந்தப் பக்கத்தில் வர்க்கி மடித்துக் கொடுத்துவிடுவார்கள், அதனால் கண்ணை வைத்திருங்கள்.

"இயற்கையைக் காக்க வேண்டும்" என்று எழுதினால் கோப்பில் சேர்ந்துவிடும், அவ்வளவுதான். "இன்ன சர்வே எண்ணில் ஓடை இருக்கிறது, வரைபடத்தில் குடியிருப்பு என்று காட்டியிருக்கிறீர்கள், மழை நாளில் எடுத்த போட்டோ இணைப்பில்" என்று எழுதினால் யாராவது ஒருவர் பதில் போட்டாக வேண்டும். ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், பெரியவர்களைக் கூட்டிப்போய் எந்த வருஷம் எங்கே சரிந்தது என்று கேட்டு அதையும் சேருங்கள். நேரில் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.