இலையுதிர்காலம் இல்லாத ஊரில் என்ன கைவேலை?

கேள்வி: யாழ்ப்பாணத்தில், சுன்னாகம் பக்கத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். ரொறன்ரோவில் இதே வேலை பார்க்கும் என் மச்சாள், அங்கே ஒக்டோபரில் வயதானவர்களோடு செய்யும் இலையுதிர்காலக் கைவேலைகளின் படங்களை அனுப்பியிருந்தாள். மேப்பிள் இலை ஒட்டுவது, பூசணிக்காயில் முகம் வரைவது, பைன் காயில் ஆந்தை செய்வது என்று நிறைய இருந்தன. எங்கள் நிர்வாகியும் ஏதாவது செய்யச் சொன்னதால், கலர் பேப்பரில் மேப்பிள் இலை வெட்டிக் கொடுத்து ஒட்டச் சொன்னேன். இரண்டு அம்மாமார் மட்டும் என் முகத்துக்காக ஒட்டினார்கள். ஒரு ஐயா, "இது நேசரிப் பிள்ளையளின்ர வேலை" என்று எழும்பிப் போய்விட்டார். நான் என்ன செய்யலாம்?

– வாசகி, சுன்னாகம்

பதில்:

தங்கச்சி, கோபிக்காதீர்கள், ஐயா சொன்னதில் நியாயம் இருக்கிறது. மச்சாளின் படங்களிலும் குறை இல்லை. ரொறன்ரோவில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம். பகல் குறுகிக் குளிர் பிடிக்கும்போது இலையின் பச்சை அழிந்து, உள்ளே மறைந்திருந்த மஞ்சள் தெரியவரும். மேப்பிளில் சிவப்பும் ஊறும். அங்கே இருக்கும் முதியவர்கள் சின்ன வயதில் அந்த இலையைப் பொறுக்கிப் புத்தகத்துக்குள் வைத்தவர்கள். இன்றைக்கும் யன்னலுக்கு வெளியே அந்த மரம் நிற்கிறது. அதனால் அந்த இலை அவர்களோடு பேசுகிறது. நமக்கோ வருடத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். ஒக்டோபரில் இங்கே மரங்கள் இலையைக் கொட்டுவதில்லை. மாரி மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. மேப்பிள் இலையைக் கண்ணால் காணாத ஒரு ஆச்சியிடம் அதைப் பேப்பரில் வெட்டிக் கொடுத்தால் அவர் என்னத்தைத்தான் செய்வார்?

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கைகள் அந்தக் காலத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்தன என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கொப்பியோடு உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். அநேகமாக முதலில் வருவது ஓலையாகத்தான் இருக்கும்.

பனையோலை வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் இல்லத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. பின்னுவதற்கு எடுக்கும் இளம் பனையோலையான சார்வோலையை வாங்கி, பெருமழை தொடங்க முதலே வெயிலில் காயவைத்து எடுத்துவிடுங்கள். மாரியில் ஓலை ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஈர்க்கு நீக்குவதும் வார்வதும் கத்தி பிடிக்கிற வேலை, அதை நீங்களோ கண் தெளிவான ஒருவரோ செய்யலாம். பின்னுவதற்கு முன் ஓலைக்கு லேசாக ஈரம் காட்டினால் உடையாது. கைநடுக்கம் உள்ளவர்களுக்கு ஒரு அங்குல அகலத்தில் வார்ந்து கொடுங்கள். நுணுக்கமான பெட்டி வராவிட்டாலும் பரவாயில்லை. அடி போடுவதுதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. கைதேர்ந்த ஒரு அம்மா அடியைப் போட்டுக் கொடுக்க, மற்றவர்கள் மேலே பின்னிக்கொண்டு போகலாம். பாரிசவாதம் வந்து ஒரு கை மட்டும் இயங்குகிறவருக்கு, பின்னலின் ஒரு பக்கத்தில் பாரமாக ஏதாவது வைத்துவிட்டால் மற்றக் கையால் ஓலையைக் கோர்ப்பார். அல்லது இரண்டு பேரை அருகருகே இருத்தி, இரண்டு நல்ல கைகளையும் சேர்த்துவிடுங்கள். வாயும் சும்மா இருக்காது.

என்ன பின்னுவது என்று நீங்கள் முடிவு செய்யவே வேண்டாம். குட்டான் என்கிற சின்னப் பெட்டி, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, கிலுகிலுப்பை என்று அவர்களே சொல்வார்கள். நீங்கள் மாணவியாக இருங்கள். இது நடிப்பாக இருக்கக் கூடாது. உங்கள் வயதில் நீத்துப்பெட்டி பின்னத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? உண்மையாகவே உங்களுக்குத் தெரியாத ஒன்றைத்தான் அவர்களிடம் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள். பின்னியது கோணலாக இருந்தால் இரவில் பிரித்துச் சரிசெய்து வைக்காதீர்கள். அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். நேசரி என்று ஐயா சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: செய்து முடித்த பொருள் யாருக்கும் பயன்படவில்லை, சுவரில் ஒட்டிவிட்டுக் கை தட்டினால் போதும் என்று இருந்தது. இல்லத்துச் சமையலறையில் அந்த நீத்துப்பெட்டியில் பிட்டு அவித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒக்டோபர் 1 நம் நாட்டில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் சேர்ந்து வருகிற நாள். வழக்கமாகப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பாட வைத்து, முதியவர்களுக்கு ஆளுக்கொரு சோப்பும் துவாயும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுத்த முறை அதைத் திருப்பிப் போடுங்கள். ஆவணியிலேயே தொடங்கி, சின்னக் குட்டான்களில் பனங்கட்டித் துண்டு போட்டு, பக்கத்து முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லத்தவர்களே கொடுக்கட்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். ஊரில் எந்த வேலை யாருடையது என்ற பழைய கணக்கு இன்னும் சில மனங்களில் இருக்கிறது. ஓலையைத் தொடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் வாதாட வேண்டாம், வேறு வேலை கொடுங்கள். ஆனால், ஓலை பின்னுகிறவரை இன்னொருவர் நக்கலடிக்க ஒரு நாளும் விடாதீர்கள்.

கண் தெரியாதவர்களுக்கும் மறதி நோய் உள்ளவர்களுக்கும் திரி திரிக்கிற வேலை அருமையானது. கார்த்திகை விளக்கீட்டுக்கு எத்தனை சிட்டி (சின்ன மண்விளக்கு) கொளுத்துவோம் என்று உங்களுக்கே தெரியும், எல்லாவற்றுக்கும் திரி வேண்டும். சுத்தமான பஞ்சும் வெள்ளைப் பருத்தித் துணியும் கொடுங்கள். பிள்ளைகளின் பெயரை மறந்துபோன அம்மாவின் கையும் பஞ்சைக் கண்டால் உருட்டத் தொடங்கும். கை பழகிய வேலையின் ஞாபகம், பெயர், திகதி போன்ற ஞாபகங்களைவிட நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும் என்பது மறதி நோயில் நன்கு அறியப்பட்ட விஷயம். பார்வை மங்கியவர்களுக்கு மேசையில் கடும் நிறத் துணி விரித்துவிடுங்கள்; வெள்ளை மேசையில் வெள்ளைப் பஞ்சு கண்ணுக்குத் தெரியாது. திரி மிஞ்சினால் கோயிலுக்குக் கொடுக்கலாம். வேதக்கார அம்மாமார் இருந்தால் அவர்களுக்கு மார்கழிக்குப் பாலன் குடிலும் நட்சத்திரக் கூடும் இருக்கவே இருக்கின்றன, அதைச் சொல்லித்தர நான் தேவையில்லை.

சரி, எழும்பிப் போன ஐயாவிடம் வருவோம். கைவேலை என்றாலே அது அம்மாமாருக்கு என்று நாம் நினைத்துவிடுகிறோம். அவரிடம் பட்டம் கட்டத் தெரியுமா என்று கேளுங்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பட்டப் போட்டி நடக்கும், அதற்கு முன் மார்கழியிலேயே வாடைக்காற்றில் ஊரெல்லாம் பட்டம் ஏறிவிடும். கார்த்திகை மழையில் வெளியே போக முடியாத பின்னேரங்கள் பட்டம் கட்டத் தோதானவை. மூங்கிலை வேறு ஆட்கள் பிளந்து கொடுக்கட்டும். சட்டம் சமநிலையில் இருக்கிறதா என்று விரலில் வைத்துப் பார்ப்பதும், நூல் தொடுக்கிற முச்சையைக் கட்டுவதும், காற்றில் ஒலி எழுப்ப பட்டத்தில் பூட்டும் விண் எந்தச் சுருதியில் கூவ வேண்டும் என்று சொல்வதும் அவருடைய பொறுப்பு. ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை காய்ச்சுங்கள், தப்பித் தவறி யாராவது வாயில் வைத்தாலும் பயமில்லை. பட்டத்தை ஏற்ற அயல் பெடியளைக் கூப்பிட்டால், அவர் வாசலில் கதிரை போட்டிருந்து அவர்களை ஏசுவார். ஏசட்டும், அதுவும் நல்லதுதான்.

இனி ஆபத்துகள். மறதி நோய் உள்ளவர்கள் கையில் கிடைத்ததை வாயில் போடுவார்கள். ஆகவே பார்க்க எவ்வளவு வடிவாக இருந்தாலும் குன்றிமணி வேண்டவே வேண்டாம், அது நஞ்சு. அலரியும் கார்த்திகைப்பூவும் அப்படித்தான். பூ வேலைக்குச் செவ்வரத்தையும் மல்லிகையும் போதும். நீரிழிவு உள்ளவர்களுக்கு விரல் மரத்திருக்கும், ஓலை விளிம்பு கீறினாலும் ஈர்க்குக் குத்தினாலும் தெரியாது, காயம் ஆறவும் நாள் எடுக்கும். வேலை முடிந்ததும் கையைக் கழுவித் துடைத்து, விரல் விரலாகப் பாருங்கள். நேரம் அரை மணித்தியாலம், மிஞ்சினால் முக்கால். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் உசாராக இருப்பார்கள்.

வேலை செய்யும்போது கதை வரும். வரட்டும், ஆனால் தோண்டாதீர்கள். "உங்கட வீட்டில ஓலை பின்னினீங்களா?" என்ற சாதாரணக் கேள்வி, இடம்பெயர்ந்து திரும்பிப் போகவே முடியாத வீட்டில் போய் நிற்கலாம். கார்த்திகை மாதம் இங்கே பலருக்குக் கனமான மாதம். அழுதால் பக்கத்தில் இருங்கள், வேலையை அப்படியே வைத்துவிடலாம்.

செலவுக்கு நிர்வாகி யோசித்தால் ஒரு வழி இருக்கிறது. பிறந்தநாள், திவசம் என்று வெளிநாட்டிலிருந்தும் உள்ளூரிலிருந்தும் இல்லத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கிறவர்கள் உங்களிடம் நிறைய வருவார்கள். சில நாளில் இரண்டு சாப்பாடு வந்து மிஞ்சுவதும் உண்டு. அடுத்து தொலைபேசி எடுக்கிறவரிடம், சாப்பாட்டோடு ஒரு கட்டுச் சார்வோலையோ ஒரு பொதி பஞ்சோ சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். வந்து படம் எடுத்துக்கொண்டு உடனே போகாமல், அரை மணித்தியாலம் உட்கார்ந்து திரி திரிக்கவும் சொல்லுங்கள். பேஸ்புக்கில் படம் போடுவதாக இருந்தால், அந்த அம்மாவிடமும் ஐயாவிடமும் முதலில் கேட்ட பிறகு போடட்டும்.