பள்ளியில் புத்தகக் கண்காட்சி நடத்தும் பொறுப்பை முதல் தடவையாக என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, எதில் உஷாராக இருக்க வேண்டும்?

நான் பள்ளி நூலகர். வருடா வருடம் இந்த வேலை என் மேசைக்குத்தான் வரும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். கண்காட்சி நன்றாக நடந்தது என்று எதை வைத்துச் சொல்லப் போகிறீர்கள்? விற்பனையாளர் மொத்த வசூலைச் சொல்வார், நிர்வாகமும் அதையே கேட்கும். நான் பார்ப்பது வேறு கணக்கு. உள்ளே வந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் ஒரு புத்தகமாவது வீட்டுக்கு எடுத்துப் போனவர்கள் எத்தனை பேர்? பில் புத்தகத்தில் வகுப்பும் பிரிவும் எழுத ஒரு கட்டம் போட்டுவிட்டால் இந்தக் கணக்கு சாயங்காலமே கையில் கிடைத்துவிடும். வசூல் பெரிதாகத்தான் இருக்கும். பிரித்துப் பார்த்தால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கு ஆறேழு வாங்கியிருப்பார்கள், பாதி வகுப்பு வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருக்கும். கீழே நான் சொல்வதில் முக்கால்வாசி இந்த இரண்டாவது கணக்கை வைத்துத்தான்.

சரி, விற்பனையாளர். விற்றது போக மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில்தான் பொதுவாக வருவார்கள், அதனால் பள்ளி முன்பணம் போட வேண்டியதில்லை. பதிப்பகங்கள் அவருக்குக் கொடுக்கும் கழிவில், அதாவது விலைக் குறைப்பில், ஒரு பங்கைப் பள்ளிக்குத் தருவார். இதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எத்தனை சதவீதம், அது அச்சிட்ட விலையிலா அல்லது தள்ளுபடி போக வரும் தொகையிலா, பணமாகவா புத்தகமாகவா, காணாமல் போகும் புத்தகத்துக்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். புத்தகமாக வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் சதவீதத்தைக் கூட்டித் தருவார்கள், அவர்களுக்கு அடக்க விலைதானே கணக்கு. நான் எப்போதும் புத்தகமாகத்தான் கேட்பேன். பணமாக வந்து பொதுக் கணக்கில் சேர்ந்தால் அது மின்விசிறியாகவோ சுவருக்குப் பெயிண்டாகவோ மாறிவிடும்.

பட்டியலை முன்கூட்டியே கேளுங்கள். கேட்காவிட்டால் மற்ற இடங்களில் விற்காத சரக்கைத் தலையில் கட்டிவிடுவார்கள். தடித்தடியான கலைக்களஞ்சியங்கள், தேர்வு வழிகாட்டிகள், யாரும் தொடாத 'சிறந்த ஆளுமைகள்' வரிசை என்று பெட்டி பெட்டியாக இறங்கும். எந்த வயதுக்கு எத்தனை தலைப்பு, எந்த மொழியில் எத்தனை, விலை குறைந்த புத்தகங்கள் எத்தனை பிரதி என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்புறம் பேனா, வாசனை ரப்பர், மினுமினுப்பு ஸ்டிக்கர், சாவிக்கொத்து. இவை புத்தகப் பெட்டியோடு சத்தமில்லாமல் வந்துவிடும். நான் இவற்றைப் பிரிக்கவே விடுவதில்லை. பத்து வயதுப் பிள்ளையின் கையிலிருக்கும் காசு முதலில் ரப்பருக்குத்தான் போகும், அப்புறம் புத்தகத்துக்கு மிஞ்சாது. விற்பனையாளர் முகம் சுளிப்பார், ஏனென்றால் அதில்தான் அவருக்கு லாபம் அதிகம். சுளிக்கட்டும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. தரைத்தளம், பூட்டக்கூடிய அறை, வண்டி வாசல்வரை வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். டெம்மி அளவில், அதாவது வழக்கமான நாவல் அளவில், 200 பக்கப் புத்தகம் ஒன்று சுமார் 250 கிராம் இருக்கும். ஆயிரம் புத்தகம் என்றால் கால் டன், அதுவும் ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை. அமெரிக்காவில் 1981-ல் ஒரு கண்காட்சி நிறுவனத்தை வாங்கி இந்தத் தொழிலுக்குள் வந்து, இன்று அதில் முதலிடத்தில் இருக்கும் ஸ்கொலாஸ்டிக் பதிப்பகம், சக்கரம் வைத்த உலோக அலமாரிகளைத் தள்ளிக்கொண்டு வந்து பள்ளியில் அப்படியே திறந்து வைத்துவிடுகிறது. அந்த வசதியில்லாத நமக்கு அட்டைப்பெட்டியும் மாணவர்களின் தோளும்தான். தேர்வு நெருங்கும் சமயத்தையும் மாதக் கடைசியையும் தவிர்த்துவிடுங்கள்.

மேசை அடுக்குவதில்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகங்களில் பெரும்பாலானவை 16, 24, 32 பக்கம். நடுவில் பின் அடித்தவை. அவற்றுக்கு முதுகே கிடையாது. நூலகத்தில் அடுக்குவதுபோல் நிறுத்தி வைத்தால் வெறும் காகித விளிம்பு மட்டும் தெரியும், எந்தப் பிள்ளையும் உருவிப் பார்க்காது. அட்டை தெரியப் படுக்க வைத்தாக வேண்டும். ஆறடி நீள, இரண்டரை அடி அகல மேசையில் பெரிய அளவுப் படப் புத்தகம் என்றால் 16 தலைப்புதான் முகம் காட்டும். அதற்கு மேல் திணித்தால் ஒன்றை ஒன்று மறைக்கும். அதனால் எத்தனை மேசை இருக்கிறது என்று எண்ணிவிட்டுத் தலைப்புகளைக் கேளுங்கள். மேசை போதாவிட்டால் கயிறு கட்டி, விரித்த புத்தகத்தை அதில் தொங்கவிடலாம். சின்னப் பிள்ளைகளின் கண் மட்டத்துக்குக் கட்டுங்கள், நம் கண் மட்டத்துக்கு வேண்டாம். வெயில் விழும் ஜன்னலோரத்தில் மட்டும் எதையும் வைக்காதீர்கள், லேமினேட் செய்த அட்டை சுருண்டுகொள்ளும், சுருண்டதைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

ஒரு ஓரமாக நின்று கவனித்தால் ஒன்று தெரியும். சில பிள்ளைகள் புத்தகத்தை எடுத்ததும் திறப்பார்கள். சில பிள்ளைகள் எடுத்ததும் திருப்புவார்கள், விலை பின்னட்டையில்தானே இருக்கிறது. திருப்பிப் பார்த்துவிட்டு, திறக்காமலே வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். இதைப் பார்த்துவிட்டுத்தான் 'குறைந்த விலைப் புத்தகங்கள்' என்று தனி மேசை போடும் வழக்கத்தை விட்டேன். தனி மேசை போட்டால் யார் யார் அங்கே மட்டும் நிற்கிறார்கள் என்பது வகுப்புக்கே தெரிந்துவிடும். இப்போது ஒவ்வொரு மேசையிலும் மூன்றில் ஒரு பங்காவது கைக்கு எட்டும் விலையில் இருக்கும்படி கலந்து வைக்கிறேன். விற்பனையாளருக்கு இது பிடிக்காது, பதிப்பகவாரியாக அடுக்கினால்தான் அவருக்கு எண்ணச் சுலபம். எந்தப் பிள்ளையும் பதிப்பகம் பார்த்துப் புத்தகம் எடுப்பதில்லை.

நாட்களைப் பொறுத்தவரை என் யோசனை இது. முதல் நாள் விற்பனையே வேண்டாம், பார்க்க மட்டும். ஆளுக்கு ஒரு விருப்பச் சீட்டு கொடுங்கள், புத்தகத்தின் பெயரும் விலையும் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும், அதையே எழுதிய அடிக்கட்டை உங்களிடம் இருக்கட்டும். எவ்வளவு ஆகும் என்று பெற்றோருக்கு முன்பே தெரிந்தால் 'காசு கொடுங்க' என்ற பேச்சு சண்டையாகாது. உங்களுக்கும் லாபம் உண்டு. அன்று சாயங்காலம் அடிக்கட்டைகளை எண்ணிப் பார்த்தால் எந்தத் தலைப்பு தீர்ந்துபோகும் என்பது தெரிந்துவிடும், இரவே கூடுதல் பிரதி கேட்டுவிடலாம். இதைச் செய்யாவிட்டால் பிள்ளைகள் தாங்களே ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். யாரும் தொடாத கலைக்களஞ்சியத்துக்கு அடியில் தனக்குப் பிடித்த பேய்க்கதையைச் செருகி வைத்துவிட்டுப் போவார்கள். ஒருத்தி நேராக என்னிடமே வந்து, "சார், இதை நாளைக்கு வரைக்கும் ஒளிச்சு வைக்கிறீங்களா?" என்றாள். வைத்தேன்.

விற்பனை நாளில் நெரிசல் வருவது மேசையில் இல்லை, பில் போடும் இடத்தில். ஒரு வகுப்பில் 40 பேர், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 40 நிமிடம், ஒரு பீரியட் அப்படியே போய்விடும். கடைசியில் நிற்கிறவன் மணி அடித்ததும் வாங்காமலே வரிசையில் திரும்பிப் போவான். எனவே குறைந்தது இரண்டு கவுண்டர், ஒவ்வொன்றிலும் எழுத ஒருவர், பணம் வாங்க ஒருவர். சில்லறை தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் நோட்டை உள்ளங்கையில் கசக்கிப் பிடித்து வருவார்கள், பாதி வழியில் தொலைத்துவிட்டு அழுவார்கள். பெயரும் வகுப்பும் எழுதிய உறையில் போட்டு அனுப்பச் சொல்லிப் பெற்றோருக்கு முன்பே ஒரு சீட்டு அனுப்புங்கள். பார்கோடு படிக்கும் கருவி இருந்தால் நல்லது, பட்டைக்குக் கீழே இருக்கும், புத்தகத்தை அடையாளம் காட்டும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணே மீதிக் கணக்குக்கும் உதவும். சிறு வெளியீடுகள் பலவற்றில் அது இருக்காது, அவற்றுக்கு மட்டும் ஒரு குறுங்குறி எழுதி ஒட்டிவிடுங்கள்.

இனி காசில்லாத பிள்ளைகள். ஆசிரியர்கள் இரக்கப்பட்டு நாலைந்து பேரைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கிக் கொடுப்பதுண்டு. மனசு நல்லதுதான், ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது பிச்சை வாங்கியதுபோல் உறைக்கும். பிரிட்டனில் உலகப் புத்தக தினத்துக்குப் பிள்ளைகளுக்கு ஒரு பவுண்டு டோக்கன் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஏழை, பணக்காரர் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே டோக்கன், அதற்கென்றே அச்சிட்ட மெல்லிய புத்தகங்களை அதை வைத்து வாங்கிக்கொள்ளலாம், அல்லது வேறு புத்தகத்தின் விலையில் கழித்துக்கொள்ளலாம். இதை எந்தப் பள்ளியும் சின்ன அளவில் செய்யலாம். பள்ளிக்கு வரும் கழிவில் ஒரு பகுதியையும் முன்னாள் மாணவர்கள் தரும் நன்கொடையையும் சேர்த்து, உங்கள் கண்காட்சியில் மிகக் குறைந்த விலைப் புத்தகம் ஒன்றை வாங்கப் போதுமான டோக்கனை அத்தனை பேருக்கும் கொடுங்கள். வசதியுள்ளவன் மேலே காசு போட்டுப் பெரிய புத்தகம் வாங்குவான். இல்லாதவனும் அதே வரிசையில், அதே டோக்கனை நீட்டி, தானே தேர்ந்தெடுத்த ஒன்றை வாங்குவான். நிர்வாகத்திடம் இதைப் பேசும்போது விற்பனையாளரையும் உட்காரவையுங்கள். டோக்கன் இருந்தால் அவருக்கும் விற்பனை கூடும் என்பதால் அவரே உங்களுக்காகப் பேசுவார்.

பெரியவர்களைச் சமாளிப்பது தனிக் கலை. பிள்ளை கையில் படக்கதை இருக்கும், அப்பா கையில் பொது அறிவுக் களஞ்சியம் இருக்கும், கவுண்டருக்கு வரும்போது களஞ்சியம் மட்டும்தான் இருக்கும். பெற்றோருக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்குவது நல்லதே, ஆனால் பிள்ளைகள் வாங்கி முடித்த பிறகு கடைசி நாளில் ஒதுக்குங்கள். ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்ல. 'இது உனக்குச் சின்னப் புத்தகம், அதை எடு' என்று கையிலிருந்து பிடுங்குவார்கள். நூலகவியலில் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது ஒன்று, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது இன்னொன்று. எதிலும் நடுவில் ஆசிரியர் இல்லை என்று எங்கள் ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்பேன். பரிந்துரைக்க ஆள் வேண்டுமென்றால் பெரிய வகுப்பு மாணவர்களை மேசைக்கு ஒருவராக நிறுத்துங்கள். 'இதுல கடைசில நாய் செத்துரும், பரவாயில்லையா?' என்று அவர்கள் சொல்லும் விமர்சனத்துக்கு இருக்கும் மதிப்பு நம் பேச்சுக்குக் கிடையாது. நின்றபடியே முழுப் புத்தகத்தையும் படித்து முடித்துவிட்டு வைக்கிற பையனை விரட்ட வேண்டாம் என்று இந்த மாணவர்களிடம் மட்டும் முன்பே சொல்லி வையுங்கள்.

எந்தப் புத்தகம் வரலாம், எது கூடாது என்ற புகார் எப்படியும் வரும். அதற்கு இரண்டு மூன்று ஆசிரியர்கள் பட்டியலைப் பார்த்து ஒப்புக்கொண்டதாக ஒரு குறிப்பு இருந்தால் போதும். பிரச்சினை வருமோ என்று பயந்து சில புத்தகங்களை மட்டும் தனிப் பெட்டியில் போட்டு 'வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்' என்பது இன்னும் மோசமாக முடியும். 2023-ல் ஸ்கொலாஸ்டிக் அப்படித்தான் இனம், பாலினம் தொடர்பான கதைகள் பலவற்றைத் தனித் தொகுப்பாக்கிப் பள்ளிகளின் விருப்பத்துக்கு விட்டது. எழுத்தாளர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு கிளம்ப, அந்த ஏற்பாட்டைக் கைவிடுவதாக அதே ஆண்டு அக்டோபரில் அறிவித்தது.

கடைசியாக, எல்லாரும் மறக்கும் வேலை: திருப்பி அனுப்புவது. வந்து இறங்கும்போதே சலானை, அதாவது சரக்கோடு வரும் பட்டியலை, வைத்துப் பெட்டி பெட்டியாக எண்ணி, குறைவதையும் கிழிந்ததையும் அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். காலிப் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எண் எழுதி, மடித்து, மேசைக்கு அடியில் வைத்தால் கடைசி நாள் அலைய வேண்டாம். அன்றைக்குத் தன்னார்வலர்கள் எல்லாரும் காணாமல் போய்விடுவார்கள், எனவே பெட்டி கட்ட ஆள் யார் என்பதை முதல் நாளே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். ஒரு பெட்டி 20 கிலோவைத் தாண்ட வேண்டாம். எண்ணிக்கையில் சில புத்தகங்கள் குறையத்தான் செய்யும். அதற்காகப் பிள்ளைகளின் பையைச் சோதிக்காதீர்கள், கழிவில் கழித்துக்கொள்ளலாம்.

பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் இன்னொன்று. முதல் நாள் விருப்பச் சீட்டுகளின் அடிக்கட்டை உங்களிடம் இருக்கும் அல்லவா? அதை பில் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறையப் பேர் எழுதிக் கொடுத்து, கொஞ்சம் பேர் மட்டுமே வாங்க முடிந்த தலைப்புகள் தனியாகத் தெரியும். உங்கள் கழிவுக்கு நூலகம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவற்றைத்தான். புத்தகங்கள் அறையில் இருக்கும்போதே பொறுக்கி எடுத்துப் பில் போட்டுவிடுங்கள். வண்டியில் ஏறிவிட்டால், 'அப்புறம் அனுப்புகிறேன்' என்று சொல்லி அவர் அனுப்புவது கலைக்களஞ்சியமாகத்தான் இருக்கும்.